பெயரிட்டவர் எங்கே நின்றார்? பினாங்கின் ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும்

மார்ச் 2, வாசகர் கேள்வி

“ஐயா, பினாங்கு என்ற பெயர் ‘பனங்காய்’ என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் அடித்துச் சொன்னார், எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அது போகட்டும். இங்குள்ள மலாய் ஊர்ப்பெயர்கள் பலவும் மலை, முனை, ஆறு, மரம் என்றே இருக்கின்றன. சீன நண்பர் ஒருவர் தம் குடும்பப்பெயருக்குக் காடு என்று பொருள் சொன்னார். நமக்கு மட்டும் நிலத்திலிருந்து வந்த குடும்பப்பெயர் ஏன் இல்லை? நான் பட்டர்வொர்த் என்றும் சொல்லப்படும் பாகானில் குடியிருப்பவன். பட்டர்வொர்த்தில் உள்ள வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்தால் சொல்லுங்கள்.”

மார்ச் 2, இரவு

பனங்காயை முதலில் ஒதுக்கிவிடலாம். மலாயில் ‘பினாங்’ என்றால் பாக்கு. அது காய்க்கும் கமுகுக்கும் அதே பெயர். ‘பூலாவ் பினாங்’ என்பது கமுகுத் தீவு. இதே சொல் ரியாவ் தீவுகளில் தஞ்சோங் பினாங் என்ற ஊரிலும், பங்கா தீவில் பங்கால் பினாங் என்ற ஊரிலும் இருக்கிறது. ஓர் ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்பவர், அதே சொல் வேறிடத்தில் வரும்போது அங்கும் தம் விளக்கம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவரின் பனங்காய் ரியாவ் வரை மிதந்து போகுமா என்று எனக்குச் சந்தேகம். மிங் காலத்துச் சீன மாலுமிகளின் கடல்வரைபடத்திலும் இந்தத் தீவு பாக்குத் தீவு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது.

1786 ஆகஸ்டு 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றி, தீவுக்கு வேல்ஸ் இளவரசரின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் அரசாங்கத் தாள்களில் நெடுநாள் வாழ்ந்தது; மக்கள் வாயிலோ பாக்குதான் நிலைத்தது.

மற்றவற்றுக்கு நாளை.

மார்ச் 3

குடும்பப்பெயரைப் பற்றிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவது முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. நிலத்தின் உறுப்பை வைத்து எழுந்த பெயர் எதைப் படித்தாலும், அந்த இடம் எப்படி இருந்தது என்பதோடு, பெயரிட்டவர் எங்கே நின்றுகொண்டு பெயரிட்டார் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.

பினாங்குத் தீவைச் சுற்றி வாருங்கள். தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பாஹாங், தெலுக் கும்பார், பத்து மாவோங். தஞ்சோங் என்றால் முனை, தெலுக் என்றால் குடா, பத்து என்றால் பாறை. இவை படகில் வந்தவன் தனக்காக வைத்துக்கொண்ட பெயர்கள். எந்த முனையைச் சுற்ற வேண்டும், எந்தக் குடாவில் ஒதுங்கலாம், எந்தப் பாறையைக் கண்டு விலக வேண்டும் என்பதே அவன் கவலை. தரையில் பிறந்து தரையிலேயே வாழ்ந்தவனுக்குத் தன் ஊர் முனையாகத் தெரிவதில்லை. அது முனை என்பது கடலிலிருந்து பார்ப்பவனுக்குத்தான் தெரியும்.

இதற்கு எல்லாரும் அறிந்த சான்று பாலிக் பூலாவ். தீவின் பின்புறம் என்று பொருள். யாருக்குப் பின்புறம்? தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள கால்வாயில் கப்பலை நிறுத்தியவனுக்கும், கிழக்குக் கரையில் குடியேறியவனுக்கும் அது பின்புறம். டுரியான் காலத்தில் அங்கே போகும்போதெல்லாம், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பின்புறம் என்று தாங்களே ஒருபோதும் அழைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 5

“அப்படியானால் தமிழர் இங்கே வைத்த பெயர் ஒன்றுகூட இல்லையா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு, அவையும் மேலே சொன்னதற்கு நன்றாகவே பொருந்துகின்றன.

தைப்பூசத்துக்குப் பினாங்கில் நாம் எங்கே போகிறோம்? தண்ணீர்மலைக்கு. அங்கே அருவி இருக்கிறது. ஆங்கிலத்தில் சாலைக்கே அருவிச் சாலை என்று பெயர். அந்த அருவியின் நீர் ஒரு காலத்தில் நகருக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் போனது. மலாயில் இன்று அதே சாலை ஜாலான் கெபுன் பூங்கா, அதாவது பூந்தோட்டச் சாலை. 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை ஒட்டிய பெயர். ஆங்கிலேயர் அருவியைப் பார்த்தார். மலாய்ப் பெயர் தோட்டத்தைப் பார்க்கிறது. தமிழர் தண்ணீரையும் மலையையும் ஒரே சொல்லில் சேர்த்தார்கள். மேலே கோவிலில் பாலதண்டாயுதபாணி இருக்கும்போது மலையை விட்டுவிட முடியுமா?

இன்னொன்று கொடிமலை. மலாயில் புக்கிட் பெண்டேரா, அதுவும் கொடிமலையேதான். மலையுச்சியில் இருந்த கொடிமரத்தில் கப்பல் வருகையைக் கொடியால் அறிவித்தார்கள். இந்த இரண்டு தமிழ்ப்பெயர்களும் நகரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தவர்களின் பெயர்கள். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர்களும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். ஆனால் கப்பலைச் செலுத்தியவர் வேறு யாரோ. முனையும் பாறையும் மாலுமியின் கவலையாக இருந்தன. மேல்தட்டில் மூட்டையின்மேல் உட்கார்ந்து வந்தவருக்கு இறங்கிய பிறகுதான் ஊர் கண்ணில் பட்டது.

மார்ச் 6

சின்னக் குறிப்பு. பிறை ஆற்றையும், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையையும் தமிழ்ப் பத்திரிகைகள் ‘பிறை’ என்றே எழுதுவதால், அந்த ஆறு நிலாப்போல் வளைவதால் அப்பெயர் வந்தது என்று பள்ளிப் பிள்ளை ஒருவன் கட்டுரை எழுதியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண். மலாய்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியதால் நேர்ந்த நிலா அது.

‘செபராங்’ என்றால் எதிர்க்கரை, அக்கரை. தீவில் வாழ்ந்த என் பாட்டி பெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போவதை “அக்கரைக்குப் போகிறேன்” என்றுதான் சொல்வார். நாகப்பட்டினத்துக்காரர் அதே சொல்லை ஊர்ப்பெயராகவே வைத்திருக்கிறார்கள்: அக்கரைப்பேட்டை. நாகையில் நின்று பார்த்தால்தான் அது அக்கரை. அக்கரைப்பேட்டை மீனவருக்கு நாகைதான் அக்கரை; ஆனால் பெரிய ஊரின் வாய்க்கு வலு அதிகம்.

மார்ச் 9

வெண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டர்வொர்த் நகரம் வில்லியம் ஜான் பட்டர்வொர்த் என்ற ஆளுநரின் பெயரைத் தாங்கியது. அவர் 1843 முதல் 1855 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தார். அவருடைய குடும்பப்பெயர் இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில், ரோச்டேல் அருகே இருந்த ஓர் ஊரின் பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘வொர்த்’ என்பது வேலியிட்ட மனை. முன்னால் நிற்பது வெண்ணெயேதான். நல்ல மேய்ச்சலும் கறவையும் உள்ள மனை என்று கொள்ளலாம். அந்த மனையை விட்டு வெளியேறியவனை அடுத்த ஊரார் பட்டர்வொர்த்துக்காரன் என்றார்கள். பிறகு அது பிள்ளை பேரன்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு பேரன் ஆளுநரானதும் அது மறுபடி ஊர்ப்பெயராகிக் கடல் தாண்டி நம் அலையாத்திக் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிலம் ஆளாகி, ஆள் நிலமானது.

இது தனிக்கதையுமில்லை. 1800-இல் கெடாவிடமிருந்து பெற்ற பெருநிலப் பகுதிக்கு அன்றைய இந்திய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரை வைத்தார்கள். அந்தக் குடும்பப்பெயர் சாமர்செட்டில் வெல்ஸ் நகரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. வெல்ஸ் என்பது ஊற்றுகளால் பெயர்பெற்ற நகர். ‘லீ’ என்ற ஈறு காட்டை வெட்டித் திருத்திய நிலம். நம் பக்கத்து வழக்கில் சொன்னால் ஊற்றடித் திருத்து.

மூன்றாவதுதான் வேடிக்கை. கார்ன்வாலிஸ் கோட்டை தீவின் வடகிழக்கு முனையில் நிற்கிறது. கார்ன்வாலிஸ் என்றால் கார்ன்வால் நாட்டார். கார்ன்வால் என்ற பெயரின் முற்பகுதி கொம்பு, அதாவது கடலுக்குள் கொம்புபோல் நீண்ட நிலம். பிற்பகுதி ஆங்கிலேயர் தங்களுக்கு முன் அங்கிருந்தவர்களை அந்நியர் என்று குறித்த சொல். ஆக, ஒரு முனையின் மேல் நிற்கும் கோட்டைக்கு, முனை நாட்டார் என்னும் பொருளுள்ள பெயர். வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

மார்ச் 9, பின்னிரவு

அந்த முனையின் பழைய பெயரைச் சொல்லாமல் தூக்கம் வரவில்லை. தஞ்சோங் பெனாகா. ‘பெனாகா லாவுட்’ என்பது கடற்கரையில் வளரும் ஒரு மரம். அது வேறெதுவுமில்லை, நம் புன்னை. நெய்தல் நிலத்துக்குச் சங்கப் பாட்டில் நிழல் தரும் அதே புன்னை. தஞ்சை அருகே மாரியம்மன் இருக்கும் புன்னைநல்லூரின் புன்னை. பிரான்சிஸ் லைட் கால்வைத்த இடத்துக்குத் தமிழில் பெயர் வேண்டுமென்றால் புன்னைமுனை என்றே சொல்லலாம்.

பினாங்கு மலாய்க்காரர் பலர் இன்றும் நகரத்துக்குப் போவதைத் தஞ்சோங் போவதாகவே சொல்கிறார்கள். ஜார்ஜ் டவுன் என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் பலகைகளில் இருக்கிறது. பேச்சில் முனை இருக்கிறது. புன்னை மட்டும் இடையில் உதிர்ந்துவிட்டது.

மார்ச் 12

புன்னையைப் படித்துவிட்டு ஒருவர் உற்சாகமாகி, மலாய் ஊர்ப்பெயர்களெல்லாம் தமிழிலிருந்து வந்தவையே என்று நீளமாக எழுதியிருக்கிறார். ‘குவாலா’ என்பது ‘கூடல்’ என்றும், ‘மெலாயு’ என்பது ‘மலையூர்’ என்றும், அதற்கு இராசேந்திர சோழனின் கல்வெட்டே சாட்சி என்றும் சொல்கிறார். மரியாதையோடு மறுக்கிறேன்.

இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் நடத்திய கடல்படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தியில் ‘மலையூர்’ வருவது உண்மை. ஆனால் அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்பே, 671-இல் கடல்வழி புறப்பட்ட சீனத் துறவி யிஜிங் இந்தப் பெயரை அறிந்திருந்தார். அவர் எழுத்தில் அது ‘மோலோயு’ என்ற ஒலியில் இருக்கிறது. அந்த நாடு சுமத்ராவில் பத்தாங் ஹாரி ஆற்றை ஒட்டிய ஜம்பி வட்டாரம். அங்கே போனவர்களுக்குத் தெரியும்: ஆறும் சதுப்பும் பரந்த தாழ்நிலம். அதன் துறையில் போய் இறங்குபவன் கண்ணில் முதலில் படுவது சேறு. மெய்க்கீர்த்தி பாடிய புலவர், காதில் விழுந்த அயற்பெயரைத் தமிழ்ச்செவிக்கு இசைவாக மலையும் ஊருமாகப் பிரித்துக்கொண்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை; அவர் சோழநாட்டில் இருந்தபடி பெயரைக் கேட்டவர், அவ்வளவே.

நாமும் அதைத்தான் செய்கிறோம். கோலாலம்பூரின் வடக்கே சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நாம் பத்துமலை என்கிறோம். அருகே ஓடும் ஆறு சுங்கை பத்து. மேட்டுப்பாளையத்துக்கு மேலே நீலகிரி அடிவாரத்தில் இருப்பதுபோல் இதுவும் ஒரு கல்லாறு. ‘பத்து’ என்ற மலாய்க் கல் தமிழில் எண்ணாகிவிட்டது. அதை முருகனின் பத்தாவது மலை என்று கணக்கிட்டுச் சொல்பவர்கள் உண்டு. பக்தியில் எனக்குச் சண்டை இல்லை, கணக்கில்தான்.

‘குவாலா’வுக்கும் கூடலுக்கும் ஒலி உறவு கிடையாது, பொருள் உறவு உண்டு. ஆறு கடலோடு சேரும் இடமும், சிற்றாறு பேராற்றோடு சேரும் இடமும் குவாலாதான். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் கலக்கும் இடத்தில், இன்று ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிற நாக்குப்போன்ற நிலத்தில், கோலாலம்பூர் என்ற அந்த ‘சேற்றுக்கூடல்’ தொடங்குகிறது. 1857-இல் அம்பாங்குக்கு ஈயம் தோண்டப் போனவர்கள் படகை அதற்குமேல் செலுத்த இயலாமல் அங்கே இறங்கினார்கள். பெயர் யாருடைய கண்ணில் பிறந்தது என்று மறுபடி கேட்டுப் பாருங்கள்: படகை விட்டுச் சேற்றில் கால்வைத்தவன் கண்ணில்.

மார்ச் 13

நேற்று எழுதியதில் கடுமை கூடிவிட்டதோ என்று தோன்றியதால், அந்த அன்பருக்கு ஆறுதலாக ஒன்று. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே கம்போங் கோலாம் என்ற தெரு இருக்கிறது. மலாயில் ‘கோலாம்’ என்றால் குளம். அந்தச் சொல் தமிழ்க் குளத்திலிருந்து போனதுதான். கடை ‘கெடாய்’ ஆனதுபோல், கப்பல் ‘கப்பால்’ ஆனதுபோல். ஆக, பனங்காய் கிடைக்காவிட்டாலும் ஒரு குளம் நம்முடையது.

பத்து பெரிங்கியும் நமக்கு அயலானதில்லை. ‘பெரிங்கி’ என்பது போர்த்துகீசியரையும் பிற ஐரோப்பியரையும் குறித்த சொல். பாரசீக வழியாக ஆசியாவெங்கும் பரவியது. தமிழில் அதே சொல்தான் பரங்கி. சென்னையில் பரங்கிமலை, கடலூர்ப் பக்கம் பரங்கிப்பேட்டை, இங்கே பரங்கிப் பாறை. கூட்டுக்கறியில் போடும் பரங்கிக்காயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 17

இப்போது குடும்பப்பெயர்.

சீனர்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கேள்வி அங்கேதான் பிறந்தது. ‘லிம்’ என்ற குடும்பப்பெயருக்கு எழுதும் எழுத்து இரண்டு மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது, பொருள் காடு. கொடுங்கோல் மன்னனிடம் உயிரிழந்த பி கான் என்ற அமைச்சரின் மனைவி காட்டுக்குள் ஓடிப் பிள்ளை பெற்றதாகவும், அதனால் அந்தப் பிள்ளைக்கு அப்பெயர் வந்ததாகவும் மரபுக்கதை. வெல்டு கீயில் கடலுக்குள் கால்நட்டு நிற்கும் குலத்துறைகளில் ஒன்று லிம் துறை. காட்டுப் பெயர்க்காரர்கள் மரமே இல்லாத உப்புநீர்மேல் வீடு கட்டி வாழ்கிறார்கள்.

அடுத்தது ‘கூ’. கூ குலத்தாரின் மாளிகையான கூ கொங்சியைப் பார்க்காதவர் பினாங்கில் இருக்க முடியாது. அந்தப் பெயரின் பழைய எழுத்துக்கு மேடு, சிறுகுன்று என்று பொருள். சீ நாட்டின் பழைய தலைநகர் யிங்சியூவின் பெயரில் ஒரு மேடு இருந்தது. அங்கிருந்து பிரிந்தவர்கள் மேட்டை மட்டும் பெயராக எடுத்துக்கொண்டார்கள். கன்பூசியஸின் இயற்பெயரும் இதே எழுத்து என்பதால், 1725-இல் யொங்செங் பேரரசரின் ஆணைப்படி குடும்பத்தார் அதன் பக்கத்தில் இன்னொரு குறியைச் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. பெரியவரின் பெயரைச் சொல்லாத வழக்கம் நம் வீடுகளிலும் இருந்ததுதானே. கூ கொங்சியின் மண்டபத்துக்கே ‘டிராகன் மலை மண்டபம்’ என்று பெயர்; மேட்டிலிருந்து மலைக்கு ஏறிவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். மேட்டிலேயே இருந்தவனுக்கு மேட்டுக்காரன் என்ற பெயர் பயன்படாது. அங்கே எல்லாரும் மேட்டுக்காரர்களே. பெயர் ஒட்டிக்கொள்வது இறங்கி வந்தபின்.

மார்ச் 18

தமிழருக்கு இந்த வழக்கம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆலங்குடி வங்கனார், கோவூர் கிழார் என்று சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். ஊர் முன்னால், ஆள் பின்னால். ஆலங்குடியில் ஆலமரம் நிற்கிறது. அந்த முன்னொட்டு சுருங்கிச் சுருங்கித் தலைப்பெழுத்தானது. தமிழ்நாட்டில் இரண்டு தலைப்பெழுத்து வைத்திருப்பவருக்கு முதலெழுத்து பெரும்பாலும் ஊர், இரண்டாவது தந்தை. காரைச்செடியால் பெயர்பெற்ற காரைக்குடியும், பனையும் குளமும் சேர்ந்த பனைக்குளமும் இப்படி ஒற்றை எழுத்தாகிப் பலர் பெயருக்கு முன்னால் புள்ளியோடு நிற்கின்றன.

மலேசியப் பதிவில் அந்த எழுத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்ற அமைப்பில் தந்தை தங்கினார், ஊர் விடுபட்டது. ஆனால் தாளில் விடுபட்டது வாயில் விடுபடவில்லை. ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களில் பனைக்குளத்தார், கடையநல்லூரார் என்று சொல்வதை நான் சிறுவயதில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒருவருடைய இயற்பெயரே தெரியாமல் வாழ்நாளெல்லாம் பழகியவர்கள் உண்டு. பனைக்குளத்தில் யாரையும் யாரும் பனைக்குளத்தார் என்று அழைத்திருக்க முடியாது. அந்தப் பெயர் பினாங்கில்தான் பிறக்க முடியும்.

தோட்டத்தில் இது இன்னும் நெருக்கமாக நடந்தது. எங்கள் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மூன்று: மேட்டு லயம், பள்ளத்து லயம், ஆத்தங்கரை லயம். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. துரைக்கு அவை வெறும் எண்கள். ஆத்தங்கரை லயத்துப் பாட்டி ஒருவர் பிள்ளைகளோடு நகரத்துக்குக் குடிபோன பிறகும், ஆறே இல்லாத அடுக்குமாடி வீட்டில் எங்களுக்கு ‘ஆத்தங்கரைப் பாட்டி’யாகவே இருந்தார். லங்காஷயரில் பட்டர்வொர்த்துக்கு நடந்ததும் இதுதான். அங்கே பாதிரியார் புத்தகத்தில் எழுதி வைத்தார்; இங்கே யாரும் எழுதவில்லை.

மார்ச் 18, மாலை

மலையாளிகளை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டது நியாயம். தோட்டத்தில் கிராணிகளாக, அதாவது எழுத்தர்களாக, வந்த மலையாளிகள் பலருடைய தலைப்பெழுத்துக்குப் பின்னால் இருந்தது வீட்டுப்பெயர். குன்னத்து என்றால் குன்றத்து; புழக்கல் என்றால் ஆற்றங்கரை; பறம்பில் என்றால் தோட்ட மனையில்; கிழக்கேதில் என்றால் கிழக்குப் பக்கத்து வீடு. எதற்குக் கிழக்கு? தாய்வீட்டுக்கோ கோவிலுக்கோ. இங்கும் ஒருவர் வேறிடத்தில் நின்று கைநீட்டிக் காட்டியிருக்கிறார். தெலுங்கருக்கு ‘இண்டிபேரு’ உண்டு. அவற்றிலும் ஊர்ப்பெயர்கள் மிகுதி. தென்னாட்டில் இதைக் கைவிட்டவர்களில் நாம் முன்னணியில் இருக்கிறோம்.

மார்ச் 24

பெர்மாத்தாங் என்பதைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நிலச்சொல் இது, ஆகவே நீளும்.

செபராங் பிறையின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் பெர்மாத்தாங் பாவ், பெர்மாத்தாங் பாசிர், பெர்மாத்தாங் திங்கி என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. பெர்மாத்தாங் என்பது கடற்கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் தாழ்ந்த மணல்மேடு. முன்னொரு காலத்தில் கடல் அதுவரை வந்து அலையால் மணலைக் குவித்தது; கரை மேற்கே நகர்ந்தபின் அந்த மேடு உள்நாட்டில் தனித்து நின்றுவிட்டது. அதற்கு மேற்கே இன்னொன்று, பிறகு இன்னொன்று. இரண்டு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் களிமண்ணும் நீரும் தங்குவதால் அங்கே நெல் விளைகிறது. மேட்டில் நீர் நிற்காததால் அங்கே வீடும் தென்னையும் பாதையும் அமைந்தன. அதனால்தான் அந்தப் பக்கத்துப் பழைய கம்பங்கள், அதாவது சிற்றூர்கள், வட்டமாக இல்லாமல் நீளக் கோடாக இருக்கின்றன.

நான் பள்ளிக்குச் சைக்கிளில் போன பாதை அப்படியொரு மேட்டின்மேல் கிடந்தது. அடைமழை நாளில் இரு பக்கமும் வயல் முழுகிக் கிடக்கும். பாதை மட்டும் உலர்ந்திருக்கும். நிலத்தைத் தட்டை என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தைக் காலும் மிதியும் அறியும். அந்தப் பெயரை வைத்தவர் கடலில் நின்றவர் அல்லர். வயலில் முழங்கால்வரை நின்றுகொண்டு, இரவு எங்கே உலர்ந்து படுப்பது என்று பார்த்தவர். ஆகவே முன்பு பினாங்கு மலாய்ப் பெயர்களைப் படகுப் பெயர்கள் என்று சொன்னதைத் தீவின் கரையோரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெருநிலத்தில் உழவர் பெயர்களும் உண்டு: கெப்பாலா பத்தாஸ் என்பதில் ‘பத்தாஸ்’ வயல்வரப்பு, குபாங் செமாங் என்பதில் ‘குபாங்’ எருமை புரளும் குட்டை.

தமிழில் பெர்மாத்தாங்குக்கு இணை தேடினால் மணல்மேடு என்றே ஓர் ஊர் மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிறது. புதுக்கோட்டைக் கடற்கரையில் மணமேல்குடி இருக்கிறது, மணல்மேல் குடி என்றே அதைப் பிரிப்பார்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி இதற்கு உறவு என்றாலும் ஒன்றல்ல. அது காற்று குவித்த செம்மணல்.

மார்ச் 25

மரப்பெயர்கள், சுருக்கமாக: ஜெலுத்தோங், குளுகோர், நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம், எல்லாம் மரம். ஈப்போவும் மரம், நச்சுப்பால் மரம். மலாக்கா நெல்லி, ‘ஆமலகம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. பெர்மாத்தாங் பாவில் உள்ள ‘பாவ்’ ஒரு வகைக் காட்டுமா. ‘பாக்கம்’ என்று முடியும் சென்னைப் பகுதி ஊர்களுக்கும் பாக்குக்கும் தொடர்பில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எவராவது எழுதுவதற்குள்.

குளுகோர் மரத்தின் புளிப்பான காயை வில்லையாக நறுக்கிக் காயவைத்ததுதான் ‘ஆசாம் கெப்பிங்’. பினாங்கு ஆசாம் லக்சா என்ற நூடுல்ஸ் உணவின் புளிப்புக்கு அதுவும் ஒரு காரணம். அது நம் புளியமரத்துக்கு உறவில்லை. கேரளத்தார் மீன்குழம்பில் போடும் குடம்புளிக்கு உறவு. நான் குளுகோரிலேயே குடியிருந்தும் அந்த மரத்தைத் தெருவில் கண்டதில்லை. சந்தையில் வில்லையாகத்தான் கண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 4

இந்தக் காலத்துப் பெயர்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தஞ்சோங் தோக்கோங் அருகே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்துக்கு ஸ்ரீ தஞ்சோங் பினாங் என்று பெயர். இயற்கையில் இல்லாத முனையை மண் கொட்டி உண்டாக்கிவிட்டு, அதற்கு முனை என்று பெயரிட்டிருக்கிறார்கள். கிண்டல் செய்யத் தோன்றினாலும் நான் செய்யப்போவதில்லை. வரைபடத்தில் பார்த்தால் அது இப்போது முனையேதான், படகுக்காரன் இப்போது அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அதைவிட என்னை உறுத்துவது, சமதரையில் கட்டிய வீட்டு மனைகளுக்குப் புக்கிட், அதாவது மலை, என்று பெயர் வைப்பது. அதில் பெயரிட்டவர் எங்கே நின்றார் என்றால், விற்பனை மேசைக்குப் பின்னால்.

ஏப்ரல் 11

கேள்வி கேட்ட பாகான்காரர் திரும்ப வந்து, தம் ஊருக்குப் பட்டர்வொர்த் என்றும் பாகான் என்றும் இரண்டு பெயர் இருக்கும்போது எது சரி என்கிறார். இரண்டல்ல, மூன்று: சீனர் அதை ‘வடகடல்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ரயில் சீட்டுக்கு முதலாவது, மீன் வாங்க இரண்டாவது, சீன நண்பரோடு சாப்பிடப் போக மூன்றாவது.

‘பாகான்’ என்பது மீனவர் படகை ஒதுக்கி மீன் இறக்கும் இடம். நம் ‘துறை’க்கும் ‘குப்ப’த்துக்கும் நடுவில் வைக்கலாம். உங்கள் ஊரிலேயே பாகான் லுவார், பாகான் டாலாம் என்று இரண்டு இருக்கின்றன: வெளித்துறை, உள்துறை. பிறை ஆற்றின் வாய்க்கு அருகில் இருப்பது உள்துறை, அதற்கு வடக்கே கடலைப் பார்த்திருப்பது வெளித்துறை. நீங்கள் எந்தத் துறைக்காரர் என்று எழுதவே இல்லையே?

ஏப்ரல் 12

உள்துறையாம். அவருடைய தாத்தா சேலம் மாவட்டத்து ஆத்தூரிலிருந்து வந்தவர் என்றும், அவரைத் துறைமுகத்தில் எல்லாரும் ஆத்தூரார் என்றே அழைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஆத்தூர் என்பது ஆற்றூர். அங்கே ஓடுவது வசிஷ்ட நதி. குடும்பப்பெயர் இல்லை என்று கேட்டவர் வீட்டிலேயே ஒன்று இருந்திருக்கிறது. பேரனுக்கு அது வந்து சேரவில்லை. தாத்தாவின் நண்பர்கள் போனதோடு அழைப்பும் போய்விட்டதாம். அடையாள அட்டையில் சேர்க்க முடியுமா என்று கேட்கிறார். பதிவுச் சட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கடைப் பலகையில் சேர்ப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 12, இரவு

“கடை என்னிடம் இல்லை, லாரிதான் இருக்கிறது” என்று பதில் வந்திருக்கிறது. லாரியின் பின்பக்கம் போதும், ஐயா. இடம் நிறைய இருக்கிறது.